கைக்கடிகாரம் பெட்டிக்குள் இருந்த நாள்

சென்னையிலிருந்து வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்டுப் பேசியவர்களுக்கு ஒரு குரல் பழக்கமாகியிருக்கும். பேச்சு சுவாரசியமாகப் போகும்போது நடுவில் புகுந்து, "மூன்று நிமிஷம் முடிந்தது" என்று சொல்லும். அப்படிச் சொல்லும் இருபது பேருக்கு நான் சூப்பர்வைசர். பேச ஆரம்பித்த நேரம், முடித்த நேரம் இரண்டும் சீட்டில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. இத்தனை வருஷத்தில் ஒரு சீட்டிலும் அரை நிமிஷம் கூட்டவும் விட்டதில்லை, குறைக்கவும் விட்டதில்லை.

இந்த வேலையை நான் ஆபீசிலேயே விட்டுவிட்டு வருவதில்லை என்பது என் மனைவி விசாலத்தின் குற்றச்சாட்டு. போன வைகாசியில் பத்து நாள் லீவு போட்டு, கீரமங்கலத்தில் இருக்கும் அவள் தங்கை மரகதத்தின் வீட்டுக்குப் போனோம். மரகதத்தின் கணவர் மாரிமுத்துவுக்கு அங்கே தென்னந்தோப்பும் கடலைக் கொல்லையும் இருக்கின்றன.

முதல் நாளே வம்பு. வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சகலை ஒரு முழுப் பலாப்பழத்தைப் பிளந்து முன்னால் வைத்துவிட்டார். கீரமங்கலத்தில் அந்த மாதத்தில் காற்றே பலாப்பழ வாசனையாகத்தான் வரும். நான் கையை நீட்டுவதற்கு முன் பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது பத்து.

"பலாச்சுளைக்கு என்ன டைமு அத்தான்?" என்று மரகதம் கேட்டாள். "வாயி இருக்கு, பழம் இருக்கு. சாப்பிடுங்க."

இரண்டாம் நாள் தபாலாபீசுக்கு நடந்துபோய், எங்கள் எக்ஸ்சேஞ்சுக்கே ஒரு ட்ரங்க் கால் போட்டேன். போஸ்ட்மாஸ்டர் குரலைத் தாழ்த்தி, "யாருக்கு முடியலீங்க?" என்று விசாரித்தார். அந்த ஊரில் சாவுக்கும் சாகக் கிடப்பதற்கும் தவிர யாரும் அப்படிப் பேசுவதில்லையாம். வெகுநேரம் காத்திருந்து லைன் கிடைத்தது. ஹாலில் உள்ள பெரிய கடிகாரம் சரியாக ஓடுகிறதா, புதிதாக வந்த பெண்கள் சீட்டை ஒழுங்காக எழுதுகிறார்களா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே, "மூன்று நிமிஷம் முடிந்தது" என்று ஒரு குரல் வந்து என்னை வெட்டிவிட்டது. நான் பழக்கிய பெண்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. கூட வந்திருந்த விசாலத்துக்கு அப்படி இல்லை.

மூன்றாம் நாள் சாப்பாட்டின்போது சகலை, தன் காளை கிணற்றில் விழுந்த கதையைச் சொன்னார். பத்துப் பேர் கயிறு கட்டி இழுக்கிறார்கள், காளை பாதிக் கிணறு ஏறிவிட்டது. அந்த இடத்தில் நான் கடிகாரத்தைப் பார்த்துத் தொலைத்தேன். சகலை நிறுத்திவிட்டார். "அண்ணனுக்குத் தூக்கம் வருது போல" என்று எழுந்து கைகழுவப் போய்விட்டார். அந்தக் காளை மேலே வந்ததா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

விசாலம் என் கையைப் பிடித்துக் கடிகாரத்தைக் கழற்றினாள். டிரங்குப் பெட்டியில் தன் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

"நாளைக்கு ஒரு நாள். விடிஞ்சதிலேருந்து விளக்கு வைக்கிற வரைக்கும். கடியாரம் கிடையாது, டெலிபோன் கிடையாது. யாரையும் மணி கேக்கக் கூடாது. எந்தலையில கைவச்சுச் சொல்லுங்க."

அவள் தலையில் கைவைத்துச் சொன்னேன். கையை எடுக்கும்போது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். வார் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பட்டைதான் இருந்தது.

மறுநாள் நார்த்தாமலை போவதாக ஏற்பாடு. குன்றின் மேல் பழைய சோழர் கோயில் இருக்கிறது, பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. புதுக்கோட்டை போய் அங்கிருந்து வேறு பஸ் பிடிக்க வேண்டும். மரகதம் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள்.

"பஸ் எத்தனை..." என்று ஆரம்பித்தேன். விசாலம் திரும்பிப் பார்த்தாள். "பஸ் எத்தனை பேர் உட்காரும்?" என்று முடித்தேன்.

"அது உக்காருறவுகளப் பொறுத்ததுண்ணே" என்றார் சகலை.

வானமும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டது. கோடை மழைக்கு மூட்டம் போட்டு, சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாத வெளிச்சம். நிழல் என்று ஒன்று தரையில் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் மனத்துக்குள் கணக்கு வைத்துக்கொண்டேதான் இருந்தேன். எழுந்தது ஐந்தரை என்று வைத்துக்கொண்டால், குளியல் இவ்வளவு, இட்லி இவ்வளவு, பஸ் நிற்கும் புங்கமரத்தடிக்கு நடை இவ்வளவு. கடிகாரத்தைத்தானே அவள் பூட்டினாள், என் தலையைப் பூட்ட முடியுமா?

மரத்தடியில் காத்திருந்தவர்களுக்கு மணியைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. "பால்காரரு போயாச்சு, தபால்காரரு இன்னும் வரல. பஸ்ஸு இப்ப வந்துரும்" என்று ஒருவர் எனக்கு விளக்கினார். தபால்காரரும் வந்து போனார். பிறகு பஸ் வந்தது.

அது முன்பக்கம் மூக்கு நீண்ட பழைய வண்டி. கண்டக்டர் மெலிந்த மனிதர். காதில் பென்சில், கையில் அட்டை வைத்த டிரிப் ஷீட். ஒவ்வொரு ஊர் வந்ததும் அதில் நேரம் எழுதினார். அவர் மணிக்கட்டில் கடிகாரம் இல்லாததைப் பார்த்து எனக்கு வியப்பாகப் போயிற்று.

"எப்படி எழுதுகிறீர்கள்?"

"கடியாரம் திருச்சியில ரிப்பேருக்குக் குடுத்திருக்கு சார். எந்த ஊருக்கு எத்தன மணிக்குப் போகணும்னு கம்பெனிக்காரவுக அச்சடிச்சுக் குடுத்திருக்காகல்ல, அதப் பாத்து எழுதிக்கிறது."

எங்கள் ஹாலில் ஒருவர் இப்படி எழுதியிருந்தால் அன்றைக்கே சீட்டு கிழிந்திருக்கும். விசாலம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆலங்குடிக்கு முன்னால் ஒரு சிற்றூரில் மூன்று பேர் ஏறினார்கள். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, பெயர் செல்லம். அவள் கணவன் கருப்பையா, முகமெல்லாம் வியர்வை. அவனுடைய அக்கா அழகம்மை, நாற்பது வயதிருக்கும், வாட்டசாட்டமானவள். பஸ்ஸில் பாதிப் பேரை எழுப்பி இடம் வாங்கித் தம்பி மனைவியை உட்காரவைத்தவள் அவள்தான். விடியற்காலையிலிருந்து லேசாக வலி, புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். செல்லம் வந்து அமர்ந்தது விசாலத்துக்குப் பக்கத்தில். ஒரு மைல் போவதற்குள் என் உத்தியோகம், என் பழக்கம், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கும் கடிகாரம் எல்லாம் பெண்கள் பக்கம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. அந்த வலியிலும் செல்லம் சிரித்தாள்.

அழகம்மை மட்டும் சிரிக்கவில்லை. "இன்னைக்கா கழட்டி வச்சீக?" என்றாள். "இன்னைக்கு மூலம். பதினொண்ணேகாலு வரைக்கும் மூலம், அப்புறந்தான் பூராடம். சோசியரக் கேட்டுட்டுத்தான் கெளம்புனோம்." பிறகு குனிந்து, செல்லத்தின் வயிற்றைப் பார்த்தே பேசினாள்: "இந்தா, பேசாம இரு. ஆஸ்பத்திரி போயி, ஆற அமர வரலாம். ஒண்ணும் அவசரமில்ல."

ஆண்பிள்ளையாக இருந்தால் மூலம் பரவாயில்லை, பெண்ணாகப் போய்விட்டால் அவளைக் கட்டிக்கொடுப்பது பெரும்பாடு என்று எங்கள் பக்கத்திலும் சொல்வார்கள். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆலங்குடி தாண்டியது. புதுக்கோட்டைக்கு இன்னும் ஏழு மைல் இருக்கும்போது வண்டியின் மூக்கிலிருந்து 'பட்' என்று ஒரு சத்தம். பிறகு புஸ்ஸென்று ஆவி. டிரைவர் இறங்கி, மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அறுந்துபோன ஒரு பெல்ட்டை, செத்த பாம்பைத் தூக்குவது போல விரலில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். எதிரே சைக்கிளில் வந்த ஒருவரை நிறுத்தி, புதுக்கோட்டைக்குத் திருப்பி அனுப்பினார்கள், வேறு பெல்ட் வாங்கி வர.

கண்டக்டர் டிரிப் ஷீட்டைப் பிரித்து, புதுக்கோட்டை என்ற இடத்தில் பத்து நாற்பது என்று எழுதினார்.

"இன்னும் போய்ச் சேரவே இல்லையே!" என்றேன்.

"எப்புடியும் போய்ச் சேருவோம்ல சார்" என்றார்.

அப்போதுதான் செல்லம் வீறிட்டாள்.

அடுத்து நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. ஆண்கள் எல்லோரையும் விசாலம் கீழே இறக்கினாள். ஜன்னல்களில் புடவைகள் ஏறின. ரோட்டோரக் கொல்லையில் கடலைக்குக் களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் களைக்கொத்துகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஏழெட்டுப் பிரசவம் பார்த்தவள். கையைக் கழுவிக்கொண்டு, யாரையும் கேட்காமல் உள்ளே ஏறினாள். எங்களிடம் இருந்த குடிதண்ணீர் கூஜா, நான் மாற்றிக்கொள்ள வைத்திருந்த வெளுத்த வேட்டி எல்லாம் உள்ளே போயின. ஆண்கள் புளியமரத்தடியில், எதற்கும் உதவாதவர்களாக நின்றோம்.

உள்ளேயிருந்து அந்தக் களைவெட்டுக்காரியின் குரல் வந்தது. "வலி எம்புட்டு நேரத்துக்கு ஒருக்கா வருதுன்னு யாராச்சும் பாருங்கப்பா!"

ஒருவரிடமும் கடிகாரம் இல்லை. விசாலத்தின் தலை படிக்கட்டில் தெரிந்தது. "ஏங்க, எண்ணுங்க!"

"எண்ணலாமா?"

"மனசுக்குள்ளதானே எண்ணுறீங்க, காலையிலேருந்து! எனக்குத் தெரியாதா? கொஞ்சம் சத்தமா எண்ணுங்க."

எண்ணினேன். மூன்று நிமிஷத்தை எந்தக் கடிகாரமும் இல்லாமல் அளக்கத் தெரிந்த மனிதன் அந்த ரோட்டில் நான் ஒருவன்தான். முதலில் நாலு நிமிஷத்துக்கு ஒரு முறை. "நாலு!" என்று கத்துவேன். "சரி!" என்று உள்ளேயிருந்து பதில் வரும். பிறகு மூன்று. பிறகு இரண்டு. கருப்பையா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் நடுக்கம் என் எண்ணிக்கையில் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்வதே பெரிய காரியமாக இருந்தது. "எம்பொண்டாட்டிக்கு ஒண்ணும் ஆகாதுல்ல சார்?" என்று ஒவ்வொரு நிமிஷத்துக்கும் நடுவில் கேட்டான். எண்ணிக்கொண்டே தலையை ஆட்டினேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

ஒரு தடவை எண்பது வரை போனேன். அடுத்த எண்ணைச் சொல்வதற்குள் குழந்தை அழுதது.

"பொம்பளப் புள்ள! ரெண்டு பேரும் நல்லா இருக்காக!"

கருப்பையா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். டிரைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார், ஏதோ அவரே பெற்றது போல.

அழகம்மை பஸ்ஸிலிருந்து குதித்தாள். "மணி என்ன?"

"பதினொன்னரை தாண்டியிருக்கும், எனக்குப் பசிக்குது" என்றார் டிரைவர்.

"ஒம்பசி டீக்கடையப் பாத்தாலே வரும். பத்தேகாலு, பத்தரைதான்" என்றார் பலாப்பழ வியாபாரி ஒருவர்.

"சீட்டுப்படி பாத்தா பத்து நாப்பதுக்கே புதுக்கோட்டை போயாச்சு. அதனால புள்ள பொறந்தது டவுன் பஸ் ஸ்டாண்டுல" என்றார் கண்டக்டர்.

எல்லோருமாக வானத்தைப் பார்த்தார்கள். சாம்பல் பூசியது போல ஒரே மூட்டம். கடைசியில் எல்லோர் கண்ணும் என்மேல் வந்து நின்றது.

"இவுக டெலிபோன் ஆபீசு" என்றாள் அழகம்மை. "மெட்ராஸ்ல மணிக்கே அதிகாரி. இவுக சொல்றதுதான் கணக்கு."

என்னை மரத்துக்கு அந்தப் பக்கம் தனியாகக் கூப்பிட்டுப் போனாள். அவ்வளவு நேரம் ஊரையே அதட்டிய குரல் இறங்கிவிட்டது.

"அய்யா, நான் மூலம். என்னப் பொண்ணு பாக்க வந்தாக, வந்தாக, வந்துக்கிட்டே இருந்தாக. எங்காத்தா சுட்ட பணியாரத்தையெல்லாம் தின்னாக. நட்சத்திரத்தக் கேப்பாக. அப்புறம் செருப்பத் தேடுவாக. முப்பத்தி நாலு வயசுல ரெண்டாந்தாரமாத்தான் கட்டிக் குடுத்தாக. அதுக்கு எங்கப்பாரு வித்த காடுதான் இப்ப நம்ம பஸ்ஸு தாண்டி வந்துச்சே, அது." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்கு எதையும் மாத்திச் சொல்லச் சொல்லலய்யா. மணியச் சொல்லுங்க, போதும்."

என் கணக்குத் தயாராக இருந்தது. எழுந்தது, குளித்தது, மரத்தடி, பஸ் ஓட்டம், பெல்ட் அறுந்ததிலிருந்து வலி வரைக்கும், அதற்குப் பிறகு நிமிஷம் நிமிஷமாக நான் எண்ணியது எல்லாம் கூட்டினால் பத்து ஐம்பது. ஐந்து நிமிஷம் முன்னே பின்னே இருக்கலாம். இருபத்தைந்து நிமிஷம் பிசக வழியே இல்லை. குழந்தை பச்சை மூலம்.

ஒரு நிமிஷப் பிசகுக்காக ஒரு பெண்ணின் சம்பள உயர்வை நிறுத்திவைத்தவன் நான். அந்தப் பெண் ஓய்வறையில் அழுதது கேட்டும் மாற்றாதவன். அழகம்மை என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸுக்குள் குழந்தை, தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்தது போல, மறுபடி ஒரு குரல் கொடுத்தது.

"பதினொன்று முப்பது" என்றேன்.

குரல் நடுங்காமல் வந்தது எனக்கே ஆச்சரியம். எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னேன். பலாப்பழ வியாபாரி மட்டும், "அம்புட்டா ஆச்சு?" என்று இழுத்தார். அவருக்கு விசாலமே பதில் சொன்னாள். "இவருக்கு மணி தப்பினா உலகம் நின்னு போயிரும். நீங்க பேசாம இருங்க."

கண்டக்டர் ஒரு தாளைக் கிழித்து, காதிலிருந்த பென்சிலால் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார். 'சூப்பர்வைசர், மெட்ராஸ்' என்று கீழே போடச் சொன்னார். போட்டேன்.

சற்று நேரத்தில் ஆலங்குடிப் பக்கமிருந்து ஒரு லாரி வந்தது. முழுக்கப் பலாப்பழம். முன்னால் டிரைவர் பக்கத்தில் செல்லத்தையும் குழந்தையையும் களைவெட்டுக்காரியையும் ஏற்றினார்கள். "மணி சொன்னவுக வராம எப்புடி?" என்று அழகம்மை எங்களையும் விடவில்லை. அவள், கருப்பையா, விசாலம், நான் நாலு பேரும் பின்னால் பழக்குவியலின் மேல். ஏழு மைல் தூரம் பலாப்பழத்தின் மேல் உட்கார்ந்து போகிறவன் எந்தக் கோயிலுக்கும் தனியாக வேண்டுதல் செய்ய வேண்டியதில்லை. நார்த்தாமலையில் ஏறுவதை அன்றைக்கு மறந்துவிட வேண்டியதுதான் என்று என் உடம்பே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தேன். பொய் சொன்னவனுக்கு ஒரு மாதிரிச் சூடு நெஞ்சில் இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இருந்தது. ஆனால் அது அவ்வளவு மோசமாகவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் தாயையும் சேயையும் உள்ளே கொண்டுபோனார்கள். நர்ஸம்மா பேரேட்டைத் திறந்து, "பிறந்த நேரம்?" என்றாள். அழகம்மை தாளை நீட்டினாள். நர்ஸம்மா தலைக்கு மேலே சுவரில் பெரிய கடிகாரம். பார்க்கக் கூடாது என்று நினைப்பதற்குள் பார்த்துவிட்டேன்.

பன்னிரண்டு இருபத்தைந்து.

எனக்குப் புரியவில்லை. குழந்தை பிறந்து, லாரி வந்து, ஏற்றி, ஏழு மைல் வந்தது எல்லாம் சேர்த்து முக்கால் மணிக்கு மேல் இல்லை. அதையும் எண்ணித்தான் வந்திருந்தேன். அப்படியானால் குழந்தை பிறந்தது பதினொன்று நாற்பது.

"இந்தக் கடிகாரம் சரியாக ஓடுகிறதா?" என்று கேட்டேன்.

"காலையிலதான் ரேடியோ பாத்துத் திருப்பி வச்சோம்" என்றாள் நர்ஸம்மா, கொஞ்சம் கோபமாக.

விசாலத்தை ஓரமாக இழுத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என் கணக்கு, நான் சொன்ன பொய், இந்தக் கடிகாரம். ஐம்பது நிமிஷம் எங்கே போயிற்று?

"புங்கமரத்தடியில போச்சு" என்றாள் அவள். "பால்காரரு போன கொஞ்ச நேரத்துல தூங்க ஆரம்பிச்சீங்க. தபால்காரரு மணியடிச்சப்பதான் முழிச்சீங்க. நடுவுல ஒரு ஆடு வந்து உங்க மேல்துண்ட மென்னுச்சு. நான் வெரட்டல. நீங்க இப்படித் தூங்கிப் பாத்து எத்தன நாளாச்சு!"

துண்டின் நுனியைப் பார்த்தேன். உண்மைதான், குஞ்சம் ஒரு பக்கம் இல்லை. கண்ணை மூடித் திறந்ததாகத்தான் எனக்கு ஞாபகம். ஐம்பது நிமிஷம்!

"ஏன் முகம் இப்படிப் போவுது? புள்ள நெசமாவே பூராடம். சந்தோஷப்படுங்க" என்றாள்.

சந்தோஷம்தான். ஆனால் வாழ்நாளில் துணிந்து ஒரே ஒரு பொய் சொல்லி, அதுவும் பொய்யில்லாமல் போனால் ஒரு மனிதனுக்கு எப்படி இருக்கும்?

புறப்படும்போது அழகம்மை வாசல் வரை வந்தாள். லாரியிலிருந்து எப்படியோ வாங்கிய ஒரு பலாப்பழத்தை இடுப்பில் பிள்ளை போல வைத்திருந்தாள். சுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அய்யா, எங்கிட்ட உண்மையச் சொல்லுங்க. எம்முகத்தப் பாத்துத்தானே அந்த மணியச் சொன்னீக?"

"இல்லம்மா" என்றேன். "உண்மையாகவே பூராடம்தான். உள்ளே கடிகாரம் இருக்கிறது, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். பதினொன்று நாற்பது. பத்து நிமிஷம் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்."

அழகம்மை என்னை நெடுநேரம் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. பலாப்பழத்தை என் இரண்டு கைகளிலும் வைத்தாள்.

"நீங்க ரொம்ப நல்லவுக" என்றாள். நான் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவள் நம்பவில்லை.